நூல் கட்டின டம்ளர்

— நடுவுல ஒரு நாற்காலி வுட்டு ஒக்காந்தீங்க, சரி. அந்த நாற்காலி மேல பையை வேற தூக்கி வெக்கணுமா அண்ணி? நான் என்னா உங்க மேல சாயவா போறேன்?

— பை கனக்குது வடிவு, அதான் வெச்சேன். எதுக்கு வம்பு, சும்மா இரு. ஆஸ்பத்திரில நாலு பேர் பாக்குறாங்க.

— பாக்கட்டும். மூனு மாசமா தெருவே பாத்துக்கினுதான் இருக்குது. கட்டுனவனோட கூடப்பொறந்த அக்கா, எட்டு வருசமா என்னோட ஒரே அடுப்புல பொங்கித் தின்னவங்க, என்னப் பாத்தா மூக்கைப் பொத்துறாங்க. அதையும் பாக்கட்டும்.

— நான் எங்க பொத்துனேன்?

— இப்பக்கூட முந்தானை மூக்கு மேலதான் இருக்குது.

— இது பினாயில் நாத்தம். எனக்கு ஒத்துக்கல.

— பினாயிலா! நம்ம வூட்டு பாத்ரூம்ல தெனம் ஊத்துறீங்களே, அது மட்டும் ஒத்துக்குதா? காலைல நான் எழுந்து போறதுக்குள்ள பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சு முடிச்சுடுறீங்க. நான் போய்ட்டு வந்தப்புறம் தேய்ச்சாலும் ஒரு நியாயம் இருக்குது. போறதுக்கு முன்னாடியே தேய்க்கிறது எந்த ஊர் நியாயம்?

— சுத்தமா இருந்தா அது ஒரு குத்தமா?

— அருவருப்பா இருக்குதுங்க. உங்களுக்கு என்னப் பாத்தா அருவருப்பு. எனக்கு உங்களப் பாத்தா.

— டாக்டரம்மா சொன்னதை நீயும்தான கேட்ட? 'பரவுமா பரவாதான்னு பாக்கணும், அதுக்குத்தான் ரத்தத்தை ஆராய்ச்சிக்கு எடுக்கிறோம்'னாங்களா இல்லையா? டாக்டரே பரவும்னு சொன்னப்புறம் நான் சிவனேன்னு இருக்க முடியுமா? சின்னப் புள்ள இருக்கிற வூடு.

— அதுக்குன்னு டம்ளருக்கு நூல் கட்டுவாங்களா? கண்ணாலப் புடவைக்கு வெச்சிருந்த அரக்கு நூலு! அதுல நாலு இழை இழுத்து, என் டம்ளர் விளிம்புக்குக் கீழ சுத்தி, தறிப் பாவுல அறுந்த நூலுக்குப் போடுற முடிச்சு போட்டு வெச்சீங்க. நானும் நகத்தால பாத்தேன், பல்லால பாத்தேன், அவுக்க வரல. 'இது வடிவோடது, வேற யாரும் இதுல வாய் வெக்கக் கூடாது'ன்னு உங்க தம்பிகிட்ட வேற சத்தமா சொன்னீங்க.

— சொன்னேன்.

— ஆனா அபி அதுல குடிச்சா மட்டும் கண்டுக்க மாட்டீங்க. அம்மா டம்ளர்தான் வேணும்னு அது எடுத்துக்கினு ஓடுது, நீங்க பாத்துக்கினு நிக்கிறீங்க. அஞ்சு வயசுப் பொண்ணு. அவளும் சேந்து கெட்டுப் போவட்டும்னா?

— வாயக் கழுவு வடிவு!

— எதைக் கழுவ? நீங்க வூட்டு டம்ளர் எதையும் தொடுறது இல்ல. சொம்பைத் தூக்கிப் புடிச்சு உள்ளங்கைல ஊத்திக்கினு குடிக்கிறீங்க, குளத்தாண்ட நிக்கிறவங்க மாதிரி. நான் தொட்டுத் தொட்டு எல்லாம் தீட்டாயிடுச்சு, அதான? தறிக்கும் வர்றது இல்ல. நான் புடவை ஒடல் நெய்ய, நீங்க பக்கத்துல ஒக்காந்து கரைக்கு நாடாவுல நூல் ஓட்ட, தோளோட தோள் இடிச்சுக்கினு எத்தனை புடவை நெய்ஞ்சு எறக்கியிருப்போம்? இப்ப கரைய ஒடலோட சேக்கிற கோர்வைக்கு ஆள் இல்லாம வெறும் புடவை நெய்ஞ்சுக்கினு இருக்கேன். அதுகூடப் போவட்டும். அன்னிக்கு அபி உங்க மடில படுக்க ஓடியாந்துச்சு.

— அதை எதுக்கு இப்ப?

— 'போ, உங்கம்மாகிட்டப் போ'ன்னு முட்டியால தள்ளுனீங்க. மோவாய் அடிபட்டு ரத்தம் வந்துச்சு. புள்ள கீழ கெடக்குது, தூக்கக்கூட இல்ல நீங்க. கையை முதுகுக்குப் பின்னால கட்டிக்கினு நின்னீங்க. நான் தொட்ட புள்ளைன்னு அதையும் ஒதுக்கிட்டீங்க. த்தூ!

— துப்பாத. ஆஸ்பத்திரி.

— வடிவுங்கிறது யாரு? பெரிய காஞ்சிபுரம், வடிவு பழனி?

— இவதாம்மா. வடிவு இவதான், பேஷண்ட் இவதான். நான் நாத்தனார், சும்மா கூட வந்தேன்.

— ஓகே அக்கா. நான் ஷாரோன். ஆடி மாசம் உங்க தெரு மண்டபத்துல கேம்ப் போட்டு ரத்தம் எடுத்தாங்கல்ல, அந்த ஆராய்ச்சி டீம்ல இருக்கேன். உள்ள வாங்க, ரூம்ல பேசலாம். நாத்தனார் அக்கா நீங்க இங்கயே...

— அவங்களும் வரட்டும்மா ஷாரோன். அவங்க காதுலயும் வுழட்டும். நானா போய் சொன்னா நம்ப மாட்டாங்க.

— உங்க இஷ்டம். கதவைச் சாத்திடுங்க. வடிவு அக்கா, போன வாரம் கர்ப்பப்பை வாய்லேருந்து சின்னதா சதை எடுத்தாங்கல்ல? ரிசல்ட் வந்துடுச்சு. உங்களுக்கு ஒன்னும் இல்ல.

— ஒன்னும் இல்லன்னா?

— கேன்சர் இல்ல. கேன்சருக்கு முன்னாடி வர்ற மாத்தம்கூட இல்ல. நல்லா இருக்கீங்க.

— இன்னொரு வாட்டி சொல்லும்மா. என்னப் பாத்து வாணாம், இவங்களப் பாத்து சொல்லு.

— அவளுக்கு ஒன்னும் இல்லன்னா சந்தோசம்தான? காமாட்சி கண்ணத் தொறந்துட்டா. எழுந்திரு வடிவு, போலாம். பஸ் கூட்டமாயிடும்.

— மூனு மாசம் மூலையில ஒக்கார வெச்சீங்க. மூனு நிமிசம் ஒக்காருங்க.

— ஒரு நிமிஷம் இருங்க அக்கா, இன்னும் முடியல. ஒரு குழப்பம் இருக்கு. பேசிக்கா விஷயம் என்னன்னா, ரத்தத்துல எத்தனையோ புரோட்டீன் ஓடுது. நீங்க நெய்யிற பட்டுகூட ஒரு புரோட்டீன்தான். இந்த நோய் இருக்கிறவங்க ரத்தத்துல அதுல சிலது மட்டும் ஏறும். ரொம்ப ஏறியிருந்தா, நோய் கர்ப்பப்பையைத் தாண்டி அடிவயித்து நெறிக்கட்டுக்குப் போவுதோன்னு ஒரு சந்தேகம். அந்த சந்தேகத்தை எவ்ளோ தூரம் நம்பலாம்னுதான் எங்க ஆராய்ச்சியே. அதை மட்டும் வெச்சு யாருக்கும் முடிவு சொல்லிட மாட்டோம்.

— எனக்கு ஏறியிருந்துச்சுன்னாங்களே?

— கேம்ப்ல உங்க பேர்ல எடுத்ததுல ஏகத்துக்கும் ஏறியிருந்துச்சு. போன வாரம் எடுத்ததுல சுத்தமா இல்ல. மருந்தே குடுக்காம அப்படி இறங்காது. அதனால ரெண்டு டியூபையும் எடுத்து குரூப் பாத்தோம். போன வாரத்து ரத்தம் ஓ பாசிட்டிவ். கேம்ப் ரத்தம் பி பாசிட்டிவ்.

— எனக்கு ஓதான். அபி பொறந்த கார்டுலயே எழுதியிருக்குது.

— ஒரு ஆளுக்கு ரெண்டு குரூப் இருக்காது. அன்னிக்கு வேற யாரோட ரத்தமோ உங்க பேருக்கு வந்திருக்கு. எங்க கவலை இப்ப அவங்கதான். அவங்களுக்கு 'ஒன்னும் இல்லை'ன்னு பேப்பர் போயிருக்கும். மூனு மாசம் போயிடுச்சு. இன்னும் நாள் போனா கஷ்டம்.

— ஏம்மா, ஒன்னு கேக்கட்டுமா? அந்த யாரோ ஒருத்தி... அவ கூட இருக்கிற சின்னப் புள்ளைங்களுக்கு இந்நேரம் பரவியிருக்குமா?

— ஐயோ இல்ல அக்கா. பரவுறதுன்னா அப்படி இல்ல. அந்த ஒரு ஒடம்புக்குள்ளயே ஒரு எடத்துலேருந்து இன்னொரு எடத்துக்குப் போறது. எப்படிச் சொல்ல... கரையில இருக்கிற சாயம் தண்ணி பட்டா ஒடல்ல ஏறுமே, அந்த மாதிரி.

— ஒரே பக்கெட்டுல போட்டா பக்கத்துப் புடவையிலயும்தான் ஏறும்.

— சரி, நான் சொன்ன உதாரணம் தப்பு. இது ஏறாது. தொட்டா, கூட சாப்பிட்டா, ஒரே பாத்ரூம் போனா, எதுலயும் வராது.

— வராதுன்னா அப்பால எதுக்கும்மா பரவுதான்னு ஊரைக் கூட்டி ஆராய்ச்சி பண்றீங்க? பரவாததுக்கு யாராவது ஆராய்ச்சி பண்ணுவாங்களா?

— அக்கா, இதுக்கு மூலம் ஒரு கிருமி. புருஷன் பொண்டாட்டி சேர்றதுல வர்றது. டம்ளர்ல வர்றது இல்ல. வந்த உடனே தெரியவும் தெரியாது. பதினஞ்சு இருபது வருஷம்கூட சத்தமே இல்லாம கெடக்கும்.

— இருபது வருசமா?

— ஆமா.

— அப்ப புருசன் செத்து எத்தனையோ வருசம் ஆனவளுக்குக்கூட, அந்தப் புருசனாலயே...

— தாராளமா வரலாம். அதுல அந்தம்மா தப்பு எதுவும் இல்ல.

— அண்ணி.

— என்னா?

— நீங்க பி தான?

— என்னா பி? ஏ பி சி டி-யெல்லாம் எனக்கு என்னாத்தத் தெரியும்?

— தெரியும். அபி பொறக்கறப்ப ரத்தம் வேணும்னாங்க. உங்க தம்பி கைய நீட்டினாரு, சேரல. நீங்களும் நீட்டினீங்க, சேரல. அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே பி குரூப்புன்னு அந்த நர்சு சிரிச்சா. அப்பால தாமல்லேருந்து என் தம்பி தேவேந்திரன் பைக்குல பறந்து வந்து குடுத்தான். தெரியலையா?

— ஊர்ல பி ரத்தம் எனக்கு மட்டுமா ஓடுது?

— கேம்ப்ல டோக்கன் யாரு வாங்கினு வந்தது? நாப்பத்தொன்னு, நாப்பத்திரெண்டு. நீங்கதான் என் கையில நாப்பத்திரெண்டைத் திணிச்சீங்க. உள்ள போனப்ப, ரத்தம் எடுத்த பொண்ணு உங்க பேரைச் சொல்லி என்ன 'கிருஷ்ணவேணி, வாங்க'ன்னா. நான் வடிவுங்கன்னேன். 'ரெண்டு பேரும் ஒரே வூடா? சரி சரி, படுங்க, வெளிய கூட்டம் நிக்குது'ன்னுட்டா. எனக்கு அப்பத் தோணல. மரமண்டை எனக்கு.

— வடிவு, எதுக்கு வம்பு...

— வம்பா? இது வம்பா?

— அக்கா, ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுமையா இருங்க. யாரையும் திட்ட வேணாம். கிருஷ்ணவேணி அக்கா, நான் உங்களை எதுவும் கேக்கல. டாக்டர் பக்கத்து ரூம்லதான் இருக்காங்க. அவங்க ஃப்ரீயான்னு பாத்துட்டு ரெண்டே நிமிஷத்துல வர்றேன். எங்கயும் போயிடாதீங்க.

— போய்ட்டா. சொல்லு இப்ப. நீதான? வாயத் தொற. இனிமே உனக்கு நீங்க வாங்க எல்லாம் கெடையாது. நீதான?

— ஆமா.

— ச்சீ.

— சொல்லிக்கோ.

— அந்த நாத்தம். வூட்ல நெஜமாவே அடிச்சுது. கனவு இல்ல. என் மேலதான் அடிக்குதுன்னு நான் ஒரு நாளைக்கு மூனு வாட்டி குளிச்சேன். உப்பு போட்டுக் குளிச்சேன், மஞ்சள் போட்டுக் குளிச்சேன். ராத்திரி உன் தம்பி பக்கத்துல படுத்தா மூச்ச அடக்கிக்கினு படுத்தேன், என் மூச்சுகூட நாறுமோன்னு. அது உன்னோடது! நீ நாறிட்டு என் மூஞ்சிக்கு எதிர மூக்கைப் பொத்துன!

— பொத்துனது என்...

— பேசாத! 'கிருஷ்ணவேணிக்கு ஒன்னும் இல்லை'ன்னு ஒரு காகிதம் வந்துச்சே, அதை மடிச்சு சாமி படத்துக்குப் பின்னால சொருகி வெச்ச. அது என் ரத்தம். என் ரத்தத்துக்கு எழுதின நல்ல பேரை உன் பேர்ல சாமிக்குக் காட்டின. அந்த சாமிக்கே கொமட்டியிருக்கும்.

— கொமட்டட்டும். எனக்குத் தெனம் கொமட்டுது. நீ ஒரு நாளைக்கு மூனு வாட்டி குளிச்ச. நான் எத்தனை வாட்டின்னு உனக்குத் தெரியுமா? தீட்டு நின்னு ரெண்டு வருசம் ஆச்சு வடிவு. சித்திரையில திரும்ப ரத்தம் பட்டுது. அப்பால தண்ணி. அழுகுன தண்ணி. துணிய மாத்தி மாத்தி, ஒளிச்சு ஒளிச்சு, விடியறதுக்குள்ள எரிச்சு... என் ஒடம்பு எனக்கே சாக்கடையாட்டம் ஆயிடுச்சு.

— அதை உன் பேர்ல காட்டித் தொலைய வேண்டியதுதான?

— கேம்ப்ல பேர் எழுதினது யாரு? எதுத்த வூட்டு பட்டம்மாள் மருமவ. 'கடைசியா வூட்டுக்காரரோட எப்ப சேந்தீங்க'ன்னு சத்தமா கேட்டுக்கேட்டு எழுதிக்கினு இருந்தா. எனக்குத் தாலி எறங்கி பதினோரு வருசம். எனக்கு இந்த எடத்துல நோவுன்னு எழுதினா தெரு என்னா கேக்கும்? 'இவளுக்கு எங்கேருந்து வந்துச்சு'ன்னு கேக்கும். உனக்கு வந்தா அது நோவு வடிவு. எனக்கு வந்தா அது நடத்தை.

— அதுக்கு என் தலையில கட்டுவியா?

— உன்ன திரும்பப் பாப்பாங்க, பாத்துட்டு ஒன்னும் இல்லன்னு வுட்டுடுவாங்கன்னு நெனச்சேன். எனக்கு இருக்குதா இல்லையான்னு மட்டும் தெரிஞ்சா போதும்னு டோக்கனை மாத்துனேன். ஒரு வாரத்துல முடியும்னு பாத்தேன். அது மூனு மாசம் இழுக்கும்னு யாரு கண்டா?

— தெரிஞ்சுக்கினியே. அப்பால என்னா பண்றதா இருந்த?

— ஒன்னும் இல்ல. சத்தம் போடாம செத்துப்போறதா இருந்தேன்.

— அவ்ளோ சுலபமா? உனக்குக் காரியம் பண்ணிட்டு, அடுத்து எனக்கு எப்பன்னு உன் தம்பி நாள் எண்ணிக்கினு இருந்திருப்பான்.

— லாரியில ஊர் ஊரா போனவன் குடுத்தது இது. இப்பதான தெரியுது. நான் வேற பதினோரு வருசமா அவன் படத்துக்குப் பூ வெச்சேன். இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுத்தான்.

— அவன் உன்னக் கெடுத்தான். என்னக் கெடுத்தது நீ. அவனைக் காட்டி நீ தப்பிக்காத.

— தப்பிக்கல. பழனிகிட்ட சொல்லு. பட்டம்மாள் வூட்டு வாசல்ல நின்னு கத்து. நான் மறுக்க மாட்டேன்.

— சொல்லத்தான் போறேன். அதுக்கு முன்னாடி ஒன்னு எனக்குத் தெரியணும். எனக்கு ஒன்னும் இல்லன்னு இந்த ஒலகத்துல தெரிஞ்ச ஒரே ஆளு நீ. ஊர் ஒதுக்கினா தெரியாம ஒதுக்குதுன்னு வுடலாம். உன் தம்பி ஒதுக்கினா பயந்தாங்கொள்ளின்னு வுடலாம். எல்லாம் தெரிஞ்ச நீ எதுக்கு என்னத் தொட மாட்டேன்ன? எதுக்கு டம்ளரைப் பிரிச்ச? எதுக்குத் தறிய வுட்டு எழுந்த? நடிப்புன்னாலும் ஒரு அளவு வாணாம்? யாரும் பாக்காதப்பகூட நடிச்சியே! சொல்ல மாட்ட. வாய் வராது. புள்ளையத் தள்ளுனதுக்காவது சொல்லு. அது உன்னை என்னா பண்ணுச்சு?

— அபியப் பத்திக் கேக்காத வடிவு. வேற எது வேணும்னாலும் கேளு.

— அக்கா, டாக்டர் ரெடியா இருக்காங்க. அஞ்சு நிமிஷம்தான், முதல்ல சும்மா பேசத்தான் போறாங்க. கிருஷ்ணவேணி அக்கா, நீங்க வரலைன்னாலும் நான் கட்டாயப்படுத்த முடியாது. ஆனா இன்னிக்கு வந்தா நல்லது. நிறைய பேருக்கு வைத்தியம் கேக்குது. இந்த மூனு மாசத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது, இனிமே போற நாளை நிறுத்தலாம்.

— வர்றேன்மா. எழுதிக்க. நாப்பத்தொன்னுல எடுத்த ரத்தம் என்னோடது. பேரு கிருஷ்ணவேணி. வயசு அம்பது. புருசன் இல்ல. இதையும் எழுதிக்க.

— தேங்க்ஸ் அக்கா. இப்படி வாங்க.

— இரு. இவ்ளோ லேசுல உள்ள போயிடுவியா? எழுந்து இப்படி வா. கன்னத்துல ஒன்னு வெக்காம நான் உன்ன வுடறதா இல்ல. மூனு மாசம் இந்தக் கை சும்மா இருந்துச்சு.

— ஐயோ வடிவு அக்கா, இது ஆஸ்பத்திரி! கையை இறக்குங்க, ப்ளீஸ்.

— நீ நவுருமா. அவ அடிக்கட்டும், அடிக்க வேண்டியவதான். ஆனா வடிவு, கையால வாணாம். செருப்பைக் கழட்டி அடி. ஒட்டாதுன்னு இந்தப் பொண்ணு எவ்ளோ சொன்னாலும் சரி, என்னத் தொட்டுடாத. சாயங்காலம் அபிக்கு சோறு ஊட்டப் போற கை அது.